லைசென்ஸ் புதுசு, கார் பழசு: முதல் கார் இன்சூரன்ஸைக் குறைந்த செலவில் எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் மோட்டார் இன்சூரன்ஸ் வேலை பார்க்கிறேன். மே, ஜூன் வந்தால் என் மேஜைக்கு எதிரே அப்பாவும் பிள்ளையுமாக வந்து உட்காருவார்கள். பிள்ளைக்கு லைசென்ஸ் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அது போனில் விலை பார்த்துக்கொண்டிருக்கும், அப்பா "இதுக்கு மேல குறைக்க முடியாதா சார்?" என்பார். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். தனியார் உபயோகத்துக்கான கார் பற்றி மட்டும்தான் பேச்சு.

அண்ணா, எனக்கு 19 வயது. போன மாதம்தான் லைசென்ஸ் வந்தது. சின்ன வயது என்பதால் பிரீமியம் அதிகம் வருமா?

நம் ஊரில் பெரிதாக வராது. லண்டனிலோ டொரன்டோவிலோ சொந்தக்காரர்கள் இருந்தால் வேறு கதை சொல்லியிருப்பார்கள். அங்கே ஓட்டுபவரைப் பார்த்து விலை போடுகிறார்கள். வயது என்ன, லைசென்ஸ் எடுத்து எத்தனை வருஷம், எந்தத் தெருவில் வீடு என்று எல்லாம் கணக்கில் வரும். 19 வயதுப் பையனுக்கு அவர்கள் சொல்லும் தொகையைக் கேட்டால் தலை சுற்றும்.

இந்தியாவில் முதலில் வண்டியைத்தான் பார்க்கிறார்கள். எஞ்சின் எத்தனை சி.சி., எத்தனை வருஷப் பழசு, எந்த ஊர்ப் பதிவு, இன்றைக்கு என்ன மதிப்பு என்பதுதான் கணக்கு. சில கம்பெனிகள் உரிமையாளரின் பிறந்த தேதியும் தொழிலும் கேட்டு, தள்ளுபடியைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ தருகின்றன. அதனால்தான் நாலு இடத்தில் விலை கேளுங்கள் என்கிறேன். மற்றபடி உங்கள் வயது உங்களுக்கு எதிரி இல்லை. நான் பார்த்தவரை இளம்பிள்ளைகள் பணத்தை விடுவது மூன்று இடங்களில்: தப்பான காரைத் தேர்ந்தெடுப்பது, கார் யார் பெயரில் என்று யோசிக்காமல் விடுவது, சின்னச் சின்ன சிராய்ப்புக்கெல்லாம் கிளெய்ம் போடுவது.

பிரீமியம் பில்லில் நாலைந்து வரி இருக்கிறது. எதைக் குறைக்க முடியும்?

முதல் வரி தேர்ட் பார்ட்டி. உங்கள் கார் மோதி இன்னொருவருக்கு உயிர்ச்சேதமோ காயமோ பொருள் சேதமோ ஆனால், அந்த இழப்பீட்டுக்கானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவுப்படி இது கட்டாயம். இதன் விலையை அரசு நிர்ணயிக்கிறது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரே விலைதான். 2022 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1000 சி.சி. வரை 2,094 ரூபாய். 1000-க்கு மேல் 1500 வரை 3,416 ரூபாய். 1500-க்கு மேல் 7,897 ரூபாய். "தேர்ட் பார்ட்டியில் டிஸ்கவுன்ட் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

இரண்டாவது ஓன் டேமேஜ். உங்கள் காருக்கே ஆகும் சேதத்துக்கும், திருட்டு, தீ, வெள்ளம் போன்றவற்றுக்கும். 2007-லிருந்து இதன் விலையைக் கம்பெனிகளே போட்டுக்கொள்கின்றன. நீங்கள் விளையாட வேண்டிய மைதானம் இதுதான்.

மூன்றாவது, உரிமையாளரே ஓட்டும்போது விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமடைந்தாலோ கிடைக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு. இதுவும் கட்டாயம்தான், ஆனால் ஒருவருக்கு ஒன்று போதும். உங்கள் பைக் பாலிசியில் ஏற்கெனவே இருந்தால் காருக்கு மறுபடி வாங்க வேண்டாம். தனியாக 15 லட்சத்துக்கு விபத்துப் பாலிசி வைத்திருந்தாலும் வேண்டாம். அதைக் கேட்காமலேயே சேர்த்துவிடுவார்கள்; நீங்கள்தான் கவனிக்க வேண்டும். நாலாவது, எல்லாவற்றின் மேலும் 18 சதவீத ஜி.எஸ்.டி.

குறைந்த இன்சூரன்ஸ் வர எந்தக் கார் வாங்கலாம்?

ஆயிரம் சி.சி. கோட்டைத் தாண்டாத கார். 998 சி.சி. வேகன்-ஆர், ஆல்ட்டோ கே10, செலேரியோ, 999 சி.சி. குவிட் எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். 1197 சி.சி. ஸ்விஃப்ட், 1199 சி.சி. டியாகோ எல்லாம் அந்தப் பக்கம். ஜி.எஸ்.டி. சேர்த்தால் தேர்ட் பார்ட்டியில் மட்டும் 2,471-க்கும் 4,031-க்கும் உள்ள வித்தியாசம், வருஷத்துக்கு 1,560 ரூபாய். 1500-க்கு மேல் போய், மாமா விற்கிறார் என்று பழைய ஸ்கார்பியோவை எடுத்தால் தேர்ட் பார்ட்டிக்கே 9,318 ரூபாய். முதல் காருக்கு அந்த ஆசை வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை. 998 சி.சி. டர்போ எஞ்சின் போட்ட வெனியூவும் ஃபிராங்க்ஸும், பழைய ஆல்ட்டோ கட்டும் அதே 2,094-ஐத்தான் கட்டுகின்றன. அரசுக் கணக்குக்குக் குதிரைத்திறன் தெரியாது, சி.சி. மட்டும்தான் தெரியும். ஆனால் ஓன் டேமேஜ் காரின் மதிப்பைப் பிடித்துப் போவதால் அங்கே வட்டியும் முதலுமாக வாங்கிவிடுவார்கள்.

மின்சாரக் காருக்குத் தேர்ட் பார்ட்டியில் 15 சதவீதம் குறைவு. அங்கே சி.சி.க்குப் பதில் கிலோவாட்: 30 வரை 1,780, 65 வரை 2,904, அதற்கு மேல் 6,712 ரூபாய்.

கார் என் பெயரில் இருப்பது லாபமா, அப்பா பெயரில் இருப்பது லாபமா?

அப்பா ஏற்கெனவே ஒரு கார் வைத்திருந்து, கிளெய்ம் எதுவும் போடாமல் ஓட்டி, அதை இப்போது விற்கப் போகிறார் என்றால், அவர் பெயரில் வாங்குவது நல்ல லாபம். காரணம் நோ கிளெய்ம் போனஸ். ஒரு வருஷம் கிளெய்ம் இல்லையென்றால் ஓன் டேமேஜில் 20 சதவீதம் தள்ளுபடி. அப்புறம் 25, 35, 45, கடைசியில் 50. அதற்கு மேல் ஏறாது. இந்த போனஸ் காருக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். அப்பா பழைய காரை விற்றதும் கம்பெனியிடம் போனஸ் சான்றிதழ் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால், மூன்று வருஷத்துக்குள் அவர் பெயரில் வாங்கும் அடுத்த காருக்கு அந்த 50 சதவீதம் அப்படியே வரும். ஓட்டப்போவது நீங்கள்தான் என்பதில் தப்பில்லை. பிரிட்டனில் மகன் ஓட்டும் காருக்கு அப்பாவை முதன்மை ஓட்டுநராகக் காட்டினால் அது மோசடி. இங்கே பாலிசி ஓட்டுநரைப் பார்த்துப் போடப்படுவதில்லை என்பதால் அந்தச் சிக்கல் கிடையாது.

ஆனால் இரண்டு விஷயம். பின்னால் கார் உங்கள் பெயருக்கு மாறும்போது போனஸ் கூட வராது, பூஜ்யத்திலிருந்து தொடங்குவீர்கள். அப்பா காலமாகி வண்டி வாரிசுக்கு வந்தால் மட்டும் போனஸும் வரும். வேலைக்குப் போய்ச் சொந்தக் காலில் நிற்பவர் என்றால் முதல் காரைத் தன் பெயரிலேயே வாங்கி இப்போதே போனஸைச் சேர்க்கத் தொடங்குவதுதான் சரி என்பேன். காலேஜ் படிப்பவருக்கு அப்பா பெயரே போதும்.

பைக்கில் சேர்த்த போனஸைக் காருக்கு மாற்ற முடியுமா என்று வாரத்துக்கு ஒருவர் கேட்கிறார். முடியாது. கார் போனஸ் காருக்கு, பைக் போனஸ் பைக்குக்கு.

அப்பா பெயரில் உள்ள காரை நான் ஓட்டி மோதினால் இன்சூரன்ஸ் செல்லுமா? என் பெயரைப் பாலிசியில் சேர்க்க வேண்டாமா?

செல்லும், சேர்க்க வேண்டாம். அந்த வகை வண்டிக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் பாலிசி பொருந்தும். குடித்திருக்கக் கூடாது, உரிமம் தடை செய்யப்பட்டவராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

யாரும் சொல்லாத ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. மேலே சொன்ன 15 லட்சம், உரிமையாளருக்கு மட்டும். அப்பா காரை நீங்கள் ஓட்டும்போது உங்களுக்கு ஏதாவது ஆனால் அது வராது. "தேர்ட் பார்ட்டியாகக் கேட்கலாமே" என்றால் அதுவும் முடியாது. காரை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அதனால் அதே வண்டியின் பாலிசியில் அவர் மூன்றாம் நபர் ஆக மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது. ஆகவே அப்பா கார் ஓட்டும் பிள்ளைக்குத் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுங்கள். விலை அதிகமில்லை. மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

எல்.எல்.ஆர். வைத்துக்கொண்டு நம் காரிலேயே பழகலாமா?

பழகலாம், பாலிசியும் பொருந்தும், விதிப்படி நடந்தால். பக்கத்து சீட்டில் முழு லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும். வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' முன்னும் பின்னும் இருக்க வேண்டும். எல் ஒட்டாமல் தனியாகக் கடைக்குப் போய் எங்காவது இடித்தால் கிளெய்மை மறுக்கக் கம்பெனிக்குக் காரணம் கொடுத்துவிட்டீர்கள். லைசென்ஸே இல்லாதவர் ஓட்டி யாருக்காவது அடிபட்டால் இன்னும் மோசம். அடிபட்டவருக்கு முதலில் கம்பெனி கொடுத்துவிட்டு, அப்புறம் அந்தப் பணத்தைக் கார் உரிமையாளரிடம் வசூலிக்கலாம்; 2004-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி அது. நண்பன் கேட்டான் என்று சாவியைக் கொடுக்கும்முன் அவன் லைசென்ஸைக் கண்ணால் பாருங்கள்.

பழைய கார் வாங்கினேன். விற்றவரின் பாலிசி இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதையே ஓட்டலாமா?

தேர்ட் பார்ட்டி தானாகவே உங்களுக்கு மாறிவிடும். ஓன் டேமேஜ் அப்படி மாறாது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆர்.சி. பெயர் மாறும் வரை காத்திருந்து, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். நடுவில் விபத்து நடந்தால் பாலிசி ஒருவர் பெயரில், கார் இன்னொருவர் பெயரில் என்று நின்றுபோகும்.

விற்றவர் அனுபவித்துவந்த போனஸ் உங்களுக்கு வராது என்பதால், மீதி மாதங்களுக்கான வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்வார்கள். கட்டிவிடுங்கள். அடுத்த முறை ஆன்லைனில் புதுப்பிக்கும்போது "போன வருஷம் கிளெய்ம் உண்டா?" என்று கேட்கும், நீங்களும் "இல்லை" என்று அமுக்கி, பழையவரின் போனஸை உங்களுக்கே போட்டுக்கொள்வீர்கள். பொய் சொல்லும் எண்ணம் இருந்திருக்காது. ஆனால் கிளெய்ம் வரும்போது பழைய கம்பெனியிடம் கேட்டுச் சரிபார்ப்பார்கள், ஓன் டேமேஜ் மொத்தமும் கை நழுவிவிடும். உரிமையாளர் மாறினாரா என்ற கேள்வி எங்காவது ஒரு மூலையில் இருக்கும். தேடி "ஆம்" போடுங்கள்.

ஒரு ஏஜென்ட் 9,900 சொல்கிறார், இன்னொருவர் அதே காருக்கு 8,000 சொல்கிறார். எப்படி?

ஐ.டி.வி.யைப் பாருங்கள். கார் திருடு போனாலோ முழுதாக அழிந்தாலோ கிடைக்கும் அதிகபட்சத் தொகை அது. மூன்று லட்சம் என்று இருந்ததை 2,20,000 ஆக்கினால் பிரீமியம் ஆயிரத்து சில்லறை குறையும், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். கார் போனால் 80,000 ரூபாய் போச்சு. அதோடு, பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்' என்று கணக்கை முடித்துவிடுவார்கள். ஐ.டி.வி. குறைய குறைய அந்தக் கோடும் கீழே இறங்கும். சரிசெய்யக்கூடிய காரும் கையைவிட்டுப் போகும்.

புதுக் காரின் ஐ.டி.வி. ஷோரூம் விலையில் 5 சதவீதம் கழித்து ஆரம்பிக்கும். ஆறு மாதம் தாண்டினால் 15, ஒரு வருஷம் தாண்டினால் 20, பிறகு 30, 40, ஐந்தாம் வருஷத்தில் 50 சதவீதம் கழியும். அதற்கு மேல் நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்வதுதான். எல்லாக் கம்பெனியிலும் ஒரே ஐ.டி.வி. போட்டு விலை கேளுங்கள். அப்போதுதான் யார் உண்மையில் மலிவு என்று தெரியும்.

பம்பர் உரசிவிட்டது. கிளெய்ம் போடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். ஸ்ரீரங்கத்துப் பையன் ஒருவன், வேகன்-ஆர் வாங்கி இரண்டாம் வருஷம். சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பின் பம்பரைக் கொடுத்துவிட்டான். கிளிப் உடைந்து ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் நேராக என்னிடம் ஓட்டி வந்திருந்தான். ஒர்க்‌ஷாப்பில் புது பம்பர் 3,000, கழற்றி மாட்டும் கூலி 700, பெயின்ட் 1,800, ஆக 5,500 என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். பம்பர் பிளாஸ்டிக், பாதிதான் தருவார்கள்: 1,500. கூலி முழுசாக 700. பெயின்டில் சரக்குப் பங்குக்கு மட்டும் பாதி, அதாவது 225, கழிப்பார்கள்: 1,575 வரும். மொத்தம் 3,775. இதில் எந்தக் கிளெய்மிலும் கட்டாயமாகக் கழியும் 1,000 போனால் கையில் 2,775 ரூபாய்.

இப்போது அந்தப் பக்கம். அவன் ஓன் டேமேஜ் போனஸ் கழிக்கும் முன் 6,000 ரூபாய். வருஷா வருஷம் கொஞ்சம் இறங்கும், கணக்குக்காக அப்படியே வைத்துக்கொள்வோம். அவனிடம் 20 சதவீதம் இருக்கிறது. கிளெய்ம் போடாவிட்டால் அடுத்தடுத்து 25, 35, 45, 50, 50. போட்டால் 0, 20, 25, 35, 45. ஐந்து வருஷ வித்தியாசத்தைக் கூட்டினால் 80 சதவீதம், அதாவது 4,800 ரூபாய். ஜி.எஸ்.டி. சேர்த்தால் 5,660 சொச்சம். 2,775-ஐ வாங்க 5,660-ஐக் கொடுக்கிறான்.

அவன் பேப்பரை இரண்டு தடவை பார்த்தான். அப்புறம் ஒர்க்‌ஷாப்பில் பழைய பம்பரையே ஒட்டவைத்துப் பெயின்ட் அடித்துக் கொடுக்கச் சொல்லிப் பேசினோம். இன்னும் மலிவாக முடிந்தது.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால், சின்னக் காயமாக இருந்தாலும், கம்பெனிக்கு உடனே சொல்லியாக வேண்டும். "கையில் இரண்டாயிரம் கொடுத்துப் பேசி முடித்துவிட்டோம்" என்று சொன்னவர்களுக்கு ஆறு மாதம் கழித்து நீதிமன்ற நோட்டீஸ் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வாலண்டரி டிடக்டபிள் என்று ஒன்று கேட்கிறது. போடலாமா?

கிளெய்மில் முதல் இவ்வளவு ரூபாயை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நீங்களாக ஒத்துக்கொள்வது. 1500 சி.சி. வரை 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும் எப்படியும் கழியும். இது அதற்கு மேலே. பழைய கட்டண விதிப்படி 2,500 ரூபாய் ஏற்றால் ஓன் டேமேஜில் 20 சதவீதம், 750 ரூபாய்க்கு மிகாமல்; 5,000 ஏற்றால் 25 சதவீதம், 1,500-க்கு மிகாமல். இப்போது கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். பம்பர் கணக்கைப் பார்த்தீர்களே, ஐந்தாறாயிரம் ரூபாய் வேலைக்கு எப்படியும் கிளெய்ம் போடப் போவதில்லை என்றால், 2,500 ஏற்பதில் இழப்பு ஒன்றுமில்லை. 15,000 வரை ஏற்கச் சொல்லும் திட்டங்களைப் புது ஓட்டுநருக்கு நான் சொல்ல மாட்டேன். முதல் வருஷத்தில் கதவு, ஃபென்டர், ஹெட்லைட் என்று ஒரே இடியில் மூன்றும் போகும்.

வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டு ஓட்டினால் என்ன?

சட்டப்படி போதும். 12 வருஷப் பழைய ஆல்ட்டோ, மதிப்பு ஒரு லட்சம்கூட இல்லை, ஊருக்குள் மட்டும் ஓட்டம் என்றால் நானே அப்படித்தான் சொல்வேன். ஆனால் இளம்பிள்ளைகள் தனியாக ஓட்டுவதில்லை. கொடைக்கானல் போகிறோம் என்று நாலு பேரை ஏற்றிக்கொள்வார்கள். வெறும் தேர்ட் பார்ட்டிப் பாலிசியில், காரில் கூட வரும் நண்பர்களுக்கு அடிபட்டால் கம்பெனி பொறுப்பேற்காது. ஓன் டேமேஜும் சேர்ந்த முழுப் பாலிசியில்தான் அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. மிச்சம் பிடித்த நாலாயிரம், ஒரு நண்பனின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு முன்னால் எங்கே நிற்கும்?

இதே இடத்தில், அடுத்தவர் பொருள் சேதத்துக்கான 7,50,000 ரூபாய் வரம்பை 6,000-ஆகக் குறைத்து நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் வழியும் ஒன்று உண்டு. பிடிக்காதீர்கள். எதிரே வரும் காரின் ஹெட்லைட்டே இன்றைக்கு அதைவிட விலை.

ஜீரோ டெப், எஞ்சின் கவர், சாவி கவர்... எதெல்லாம் வேண்டும்?

கார் ஐந்து வருஷத்துக்குள் என்றால் ஜீரோ டெப் வாங்குங்கள், அதுதான் பிளாஸ்டிக்குக்குப் பாதி, உலோகத்துக்கு இவ்வளவு என்று கழிக்காமல் தரும். அதற்கு மேல் பழசானால் பல கம்பெனிகள் தரவே மாட்டா. சாவி, டயர், காரில் வைத்த லேப்டாப் என்று வருபவற்றை எல்லாம் தயங்காமல் நீக்குங்கள்.

எஞ்சின் கவர் நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. வெள்ளத்தில் கார் நனைவது முழுப் பாலிசியில் உண்டு. ஆனால் தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்த்து, அதனால் உள்ளே ராடு வளைந்தால், அது உங்களால் வந்த சேதம் என்று கை விரித்துவிடுவார்கள். எஞ்சின் கவர் அதற்குத்தான். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்திவிட்டார்கள். அந்தப் பக்கம் வீடு என்றால் வாங்குங்கள். மணப்பாறையில் மாடி வீட்டுப் போர்டிகோவில் நிற்கும் காருக்கு வேண்டாம். எங்கே இருந்தாலும் ஒன்று: தண்ணீரில் நின்றுபோன காரைச் சாவி திருகிப் பார்க்காதீர்கள். அப்படியே விட்டு டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள்.

புதுக் கார் எடுக்கிறோம். டீலரிடமே இன்சூரன்ஸ் எடுத்தால்தான் டெலிவரி என்கிறார்கள்.

அப்படி விதி ஏதும் இல்லை. புதுக் காருக்கு மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டி கட்டாயம். 2018 செப்டம்பர் முதல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அப்படித்தான். 1000 சி.சி. வரை அது 6,521 ரூபாய், 1500 வரை 10,640. ஓன் டேமேஜை ஒரு வருஷத்துக்கு எடுத்தால் போதும். அதை எங்கே எடுப்பது என்பது உங்கள் இஷ்டம். வெளியே வாங்கிய விலையைக் காட்டுங்கள், பெரும்பாலும் டீலரே இறங்கி வருவார். என் அக்கா மகனுக்கு ஒரு ஷோரூமில் முதலில் கொடுத்த தாளில் ஏழு கூடுதல் கவர் இருந்தது. ஐந்தை அடித்ததும் தொகை பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது.

ஹாஸ்டலில் இருக்கிறேன். மாதத்தில் இரண்டு நாள்தான் கார் ஓடும்.

ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டும் திட்டத்தைக் கேளுங்கள். 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இதை அனுமதித்தது. வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லி ஓன் டேமேஜில் குறைத்துக்கொள்ளலாம். வரம்பு தாண்டினால் என்ன ஆகும் என்பதை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சென்னையில் இருக்கிறேன். ஊர் முகவரியில் பதிவு செய்தால் குறையுமாமே?

சென்னை ஏ மண்டலம், திருச்சி மதுரை எல்லாம் பி மண்டலம். பழைய கட்டண அட்டவணைப்படி 1000 சி.சி. புதுக் காருக்கு ஓன் டேமேஜ், ஐ.டி.வி.யில் 3.127 சதவீதத்துக்குப் பதில் 3.039. மூன்று லட்சம் மதிப்புக்கு 264 ரூபாய் வித்தியாசம். பஸ் சார்ஜுக்குக்கூடக் காணாது.

பாலிசி முடிந்து பத்து நாள் ஆகிவிட்டது. என்ன செய்வது?

முதலில் காரை வெளியே எடுக்காதீர்கள். பிடிபட்டால் முதல் தடவை 2,000, மறுபடி 4,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் சட்டத்தில் உண்டு. அதைவிட, அந்தப் பத்து நாளில் யாரையாவது இடித்தால் முழு இழப்பீடும் உங்கள் குடும்பத்தின் தலையில். ஓன் டேமேஜ் புதுப்பிக்க காரை இன்ஸ்பெக்‌ஷன் செய்வார்கள். பெரும்பாலும் போனில் வீடியோ எடுத்து அனுப்பினால் போதும். 90 நாள் தாண்டாவிட்டால் போனஸ் பிழைக்கும், தாண்டினால் போச்சு. கட்டியதும் பாலிசி எண் அரசின் பரிவாகன் தளத்தில் ஏறியிருக்கிறதா என்று இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வெறும் பி.டி.எஃப். அனுப்பி ஏமாற்றும் ஆட்கள் இருக்கிறார்கள்.

வீக்கெண்டில் காரை வாடகைக்கு விட்டுப் பிரீமியத்தை எடுத்துவிடலாமா?

ஒயிட் போர்டு காரை வாடகைக்கு விட்டு, அந்த ஓட்டத்தில் விபத்து நடந்தால் கிளெய்ம் கிடைக்காது. விட வேண்டும் என்றால் அதற்கான பெர்மிட்டும் பாலிசியும் வேறு.

கிளெய்மை அநியாயமாக மறுத்துவிட்டார்கள். யாரிடம் போவது?

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்த்துவைக்கும் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். செலவில்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் புகார் பதியலாம். மறுப்புக் கடிதத்தை எழுத்தில் வாங்கி வைத்திருந்தால்தான் இதெல்லாம் நகரும். "போனில் சொன்னார்கள் சார்" என்று வருபவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

தம்பிக்கு 17 வயது. நன்றாக ஓட்டுகிறான். பக்கத்து ஊர் வரைக்கும் கொடுக்கலாமா?

கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவில் அப்பாவுக்கு மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. தம்பிக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எந்தப் பாலிசியும் பக்கத்தில் வராது. அவனுக்கு 18 முடிந்ததும் எல்.எல்.ஆர். போடுங்கள், 30 நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம். அதுவரை சாவி அம்மாவிடம் இருக்கட்டும்.